ஞாயிற்றுக்கிழமை மகன்

இந்த வேலையில் எது கஷ்டம் என்று யாராவது கேட்டால், அழுகை, பிதற்றல், கோப்பை எறிதல் என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். அதெல்லாம் பழகிவிடும், சுவாமி. மாரிகாலத்தில் போர்வை காயவைப்பதுதான் கஷ்டம். வெயில் கொஞ்சம் தலைகாட்டும். ஓடிப்போய்க் கொடியில் போட்டால், போட்ட கையோடு தூறும். உங்கள் பங்குமனை முற்றம் இவ்வளவு சும்மா கிடக்கிறது. அடுத்த மாரிக்கு எங்களுக்கு ஒரு கொடி கட்ட இடம் விட்டால் பெரிய உதவி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது பாவசங்கீர்த்தனம் இல்லை, நிர்வாகசபைக்காக ஒரு விசாரணை மட்டும்தான் என்று சொன்னீர்கள். எனக்கும் அதுதான் வசதி. பாவசங்கீர்த்தனம் என்றால் முழங்காலில் நிற்க வேண்டும். என் முழங்கால் இரண்டும் சரியில்லை. கதிரையில் இருந்து சொல்கிறேன்.

நீங்கள் இந்தப் பங்குக்கு வந்து சில மாதங்கள்தான். அதனால் முதலில் இருந்தே சொல்வது நல்லது.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் குருநகர்க் கரை முழுக்க வெளிக்கிட்டு ஓடியது உங்களுக்குத் தெரியும். இளசுகள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடின. முதியவர்களை அகதி முகாம்களில் இறக்கிவிட்டார்கள். அதில் சிலருக்குச் சோறும் பாயும் மட்டும் போதவில்லை. பிள்ளையைக் கடலில் விட்டவர்கள், கண் முன்னால் வீடு எரியக் கண்டவர்கள். ஒரு நேரம் கட்டிப்பிடிப்பார்கள், அடுத்த நேரம் துப்புவார்கள். முகாமில் யாரும் அவர்களை வைத்துக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கென்றுதான் இங்கே திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையில், வாடகை வீட்டில் எங்கள் இளைப்பாறல் இல்லம் தொடங்கியது. மனநோய் வாட்டில் காலம் முழுக்க வேலை செய்தவள் என்று என்னைப் பொறுப்புக்கு வைத்தார்கள். வைத்தியர் சீவரத்தினம் கிழமைக்கு ஒருநாள் வருவார். அவர் வருவதற்கு முன்னமே அவருடைய சைக்கிள் கிறீச்சிடும் சத்தம் வந்து சேர்ந்துவிடும்.

வைத்தியர் நல்ல மனிதர். ஆனால் அவருடைய வைத்தியம் கதைப்பது. எல்லாரையும் வட்டமாக இருத்தி, "சொல்லுங்கோ ஆச்சி, பிறகு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவர்களும் சொல்வார்கள். சொல்லிவிட்டு அழுவார்கள். அவர் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். மிச்ச ஆறு நாளும் அந்த அழுகையோடு இருப்பது நான்.

செபஸ்தியம்மா ஆச்சி அங்கே வந்து சேர்ந்தது தொண்ணூற்றொன்றில். கண் இரண்டிலும் வெண்புரை. ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. ஒரே மகன், பெயர் கனிசியஸ். எண்பத்தைந்தில் கடலுக்குப் போனவன். கடற்படை சுட்டதாகச் சொன்னார்கள். வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது, ஆள் வரவில்லை. ஊரே மரித்தோர் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லியும் ஆச்சி விடவில்லை.

அவர் வீட்டில் ஒரு வழக்கம். கடலுக்குப் போனவன் கரைக்கு வரும்வரை சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்க்கக் கூடாது. அடியில் ஒரு பிடி சோறு தண்ணீரில் கிடக்க வேண்டும். வீட்டில் என்றால் பரவாயில்லை. எங்கள் இல்லத்தில் இருப்பது ஒரேயொரு பெரிய பானை. எங்கள் சமையற்காரி பத்மாவதி அதைக் கழுவத் தூக்கும் ஒவ்வொரு நாளும் யுத்தம்தான். கோப்பை பறக்கும், அகப்பை பறக்கும். ஒருதரம் வைத்தியரின் கையையே கடித்துவிட்டார்.

"மிஸ்ஸி, ஒண்டில் இந்த மனுசி நிக்கட்டும், இல்லாட்டி நான் நிக்கிறன்" என்று பத்மாவதி சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நிற்பாள்.

நான் வைத்தியரிடம் மருந்தைக் கூட்டச் சொன்னேன். அவர் கடிபட்ட கையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அவவுக்கு வருத்தம் இல்லை, மக்டலீன். அவ காத்துக்கொண்டு இருக்கிறா. காத்துக்கொண்டு இருக்கிறதுக்கு மருந்து இல்லை. பக்கத்திலை இருங்கோ, பொய் மட்டும் சொல்லாதேங்கோ."

படித்தவர்கள் இப்படிச் சொல்வார்கள். பானை கழுவுவது அவர்கள் இல்லையே.

மருந்து தானாக வந்தது, சுவாமி. விறகு கொத்த வந்தது.

இன்னாசித்தம்பியை உங்களுக்குத் தெரியும். அவனும் குருநகர்ப் பக்கம்தான். கடலுக்குப் போக ஏலாத காலம் என்பதால் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களுக்கு விறகு கொத்தித் தருவான். முப்பது வயதிருக்கும், தாய் ஷெல்லில் போய்விட்டாள். ஒருநாள் கொத்திக் களைத்து, குசினி வாசலில் இருந்து தண்ணீர் கேட்டான். அந்தக் குரலுக்கு ஆச்சி எழும்பித் தடவித் தடவி வந்தார். அவனுடைய கையைப் பிடித்தார். விரலை ஒவ்வொன்றாகத் தடவினார். உள்ளங்கையையும் தடவிப் பார்த்தார். பிறகு, "வந்திட்டியோ மோனை" என்றார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

"ஓம் அம்மா" என்றான்.

அன்றைக்கு ஆச்சி ஒரு கோப்பை சோறு முழுக்கச் சாப்பிட்டார். பத்மாவதி பானையைக் கழுவிக் கவிழ்த்தாள். ஒரு சத்தம் இல்லை. எனக்கு அந்தப் பானை கவிழ்ந்த "டங்" என்ற சத்தம் பூசை மணி மாதிரி இருந்தது.

அதை ஏன் விட வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போ என்று அவனிடம் ஒழுங்கு பண்ணினேன். ஒரு தேத்தண்ணி, இருந்தால் ஒரு மாரி பிஸ்கற். முதலில் தலையைச் சொறிந்தான்.

"மக்டலீன் அக்கா, ஒரு வயசுபோன சீவனை ஏமாத்திறது பாவமில்லையே?"

"குளிசை குடுக்கிறதும் ஏமாத்திறதுதான் தம்பி. அது மூளையை ஏமாத்தும். நீ இனிப்பான குளிசை."

சிரித்துவிட்டான். பிறகு அவனே ஞாயிறுக்குக் காத்திருக்கத் தொடங்கிவிட்டான். சட்டை தோய்த்துப் போட்டுக்கொண்டு வருவான். ஆச்சி அவனுடைய தலையைத் தடவி, "எண்ணெய் வைக்கிறேல்லையோ, பன்னாடை மாதிரிக் கிடக்குது" என்று பேசுவார். அவனுக்கு அந்தப் பேச்சு வாங்குவதில் அப்படி ஒரு சந்தோஷம்.

எங்கள் இல்லத்து அளவெட்டிச் சின்னத்தங்கம் ஆச்சிக்குப் பொறாமை வந்துவிட்டது. "எனக்கும் ஞாயிற்றுக்கிழமையிலை ஒரு மோன் வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"ஆச்சி, உங்களுக்குத்தான் பிள்ளையே இல்லையே" என்றேன்.

"நான் கலியாணமே கட்டேல்லை. அதுக்காக?" என்றார். இன்னாசித்தம்பி அவருக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கினான். இல்லமே கலகலப்பாகிவிட்டது. வைத்தியருக்கு அவனை ஆச்சியின் மருமகன் முறையான ஒருவன் என்று சொல்லிவைத்தேன். பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து மருத்துவ மாணவர்கள் வந்து ஆச்சியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு குழம்பியிருந்தவரை எப்படி மிஸ்ஸி மாற்றினீர்கள் என்று கேட்டார்கள். பொறுமைதான் என்றேன். எனக்குப் புகழ் பிடிக்காது.

இந்த வைத்தியத்தில் ஒரேயொரு பலவீனம் இருந்தது. ஆச்சியின் கண்.

தொண்ணூற்றிரண்டில் கப்பலில் கண் வைத்தியக் குழு ஒன்று வந்தது. வைத்தியர் சீவரத்தினம் பறந்து திரிந்து ஆச்சியின் பெயரையும் சேர்த்துவிட்டார். "சின்ன ஒப்பரேசன், மக்டலீன். கட்டு அவிழ்த்த உடனை மனுசி உங்கடை முகத்தைப் பாக்கும்!" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டார்.

என் முகத்தைப் பார்ப்பதில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் முகத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? திரும்பவும் கோப்பை, திரும்பவும் அகப்பை, ஒரு வருட உழைப்பு வீண். நான் யோசித்துப் பார்த்து, ஆச்சியிடம் ஒரு வசனம் மட்டும் சொன்னேன். கண்ணைத் தோண்டி வெளியே எடுத்துக் கழுவித்தான் திரும்ப வைப்பார்கள் என்று. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்த வாகனத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு ஆச்சி போட்ட கூச்சலில் ஒழுங்கையே கூடிவிட்டது. நோயாளி விரும்பவில்லை என்று வைத்தியரிடம் சொன்னேன். அதில் பொய் இல்லை. அவர் விரும்பவில்லைதானே.

வைத்தியர் அன்றைக்கு வாடிப்போய்விட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

இனி, போன வருடத்துக் கதை. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அதைத்தான்.

கார்த்திகை மாதம், ஒரு ஞாயிறு. இன்னாசித்தம்பி வந்து, பின் வளவில் ஆச்சியோடு இருக்கிறான். முன் படலையைத் தட்டும் சத்தம். போய்ப் பார்த்தால் மெலிந்த, நெடிய ஒருவன். தோளில் பை, கையில் தொப்பி. சாரத்தில் பயணத்துச் சேறு.

"மிஸ்ஸி, செபஸ்தியம்மா எண்டு குருநகர் ஆள் ஒருத்தர் இங்கை இருக்கிறாவாம். மண்டபம் காம்பிலை ஒரு சனம் சொன்னது. நான் மோன். கனிசியஸ்."

சில பேரைப் பார்த்தவுடன் பொய்யர் என்று தெரியும். இவன் அப்படியில்லை. தொப்பியைப் பிடித்திருந்த வலது கையில் உள்ளங்கைக்குக் குறுக்காக ஒரு பழைய தழும்பு. நாடி ஆச்சியின் நாடி. அச்சில் வார்த்தது மாதிரி.

உள்ளே இருத்தி விசாரித்தேன். அன்றைக்கு வள்ளத்திலிருந்து குதித்து நீந்தி, இன்னொரு வள்ளத்தில் ஏறி, இந்தியாக் கரைக்குப் போயிருக்கிறான். அங்கே வேறு ஓர் இயக்கத்தோடு திரிந்து, பிறகு சிறை, பிறகு மண்டபம் முகாம். இங்கே அந்த இயக்கத்துப் பெயரைச் சொன்னாலே ஆபத்து. தாய்க்குக் கரைச்சல் வரும் என்று பயந்து அத்தனை வருடமும் ஒரு சொல் அனுப்பவில்லை. இப்போது வேறு பெயரில் பயணப் பாஸ் எடுத்து, அன்று பின்னேரமே கிளாலிக் கடலால் கடந்து கொழும்பு போய், அங்கிருந்து சுவிசுக்கு. தாயை ஒருதரம் கண்ணில் கண்டுவிட்டுப் போக வந்திருக்கிறான்.

"எங்கை மிஸ்ஸி அவ?" என்று எழும்பினான்.

நான் யோசிக்க எடுத்த நேரம், அவன் எழும்பி நிமிரும் நேரம்தான். ஆனால் நன்றாக யோசித்தேன், சுவாமி. அவசரப்பட்டுச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். இவனை உள்ளே விட்டால் ஆச்சிக்கு இரண்டு மகன். அதில் ஒருவன் பின்னேரம் போய்விடுவான். மற்றவன் மகன் இல்லை என்று ஆகிவிடும். அதாவது, இருந்த ஒன்றும் போகும். ஒரு மணித்தியாலச் சந்தோஷத்துக்காக, இரண்டு வருடமாகக் கட்டியெழுப்பிய அமைதியை உடைப்பதா? எந்தத் தாதியும் உடைக்கமாட்டாள்.

"இருங்கோ தம்பி" என்றேன். "நீங்கள் பிந்தி வந்திட்டியள்."

அவன் இருக்கவில்லை. அப்படியே நின்றான்.

"எப்ப?"

"போன கிழமை."

அந்த நேரம் பார்த்துப் பின்வளவில் ஆச்சி சிரித்தார். இன்னாசித்தம்பி ஏதோ பகிடி விட்டிருக்க வேண்டும். ஆச்சியின் சிரிப்பு பெரிய சிரிப்பு. வீடு முழுக்கக் கேட்கும். 

அவன் தலையைத் திருப்பினான். "அது ஆர் சிரிக்கிறது?"

"ஒரு ஆச்சி. ஞாயிற்றுக்கிழமையிலை மோன் வாறவன்."

"குடுத்து வைச்ச மனுசி" என்று கண்ணைத் துடைத்தான். "என்ரை அம்மா இப்பிடிச் சிரிச்சு ஒருநாளும் நான் கேட்டதில்லை."

பாருங்கள், சுவாமி. பெற்ற பிள்ளைக்கே கேட்கக் கிடைக்காத சிரிப்பு. அதை உண்டாக்கியது யார்? நான் செய்தது சரி என்பதற்கு அவனே சாட்சி.

சேமக்காலையைக் காட்டச் சொன்னான். நல்லவேளையாக, அதற்கு முதற்கிழமைதான் எங்கள் செபநாயகம் ஐயாவை அடக்கம் செய்திருந்தோம். ஆளில்லாத மனிதர். சீமெந்துக்கும் பெயின்ற்றுக்கும் அரசாங்கத் தடை என்பதால் பெயர் எழுதாத மரச்சிலுவை ஒன்றுதான் நட்டிருந்தது. அதைக் காட்டினேன். அந்த ஈர மண்ணில் குப்புற விழுந்து கிடந்தான். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன், அவனுக்குத்தான், எனக்கில்லை.

எழும்பியபோது கேட்டான்: "கடைசியிலை என்னைக் கேட்டவவோ?"

மனதுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "இல்லைத் தம்பி, ஒருத்தரையும் கேக்கேல்லை. அமைதியாப் போயிட்டா" என்றேன். அதற்குத்தான் அவன் வாய்விட்டு அழுதான். ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தாய்க்கென்று கொண்டுவந்த சீலையை என்னிடம் தந்து, யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனான். நான் கள்ளி இல்லை. அன்றைக்கே அதை ஆச்சிக்குக் கட்டிவிட்டேன். "ஆர் பிள்ளை தந்தது?" என்று தடவிப் பார்த்தார். "உங்கடை மோன் தந்தது" என்றேன். இதில் எங்கே பொய்?

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு வருடம் எல்லாம் நன்றாகப் போனது. இடையில் நீங்கள் வந்தீர்கள். கார்த்திகையும் வந்தது. எங்கள் சனத்தின் வழக்கத்தை மட்டும் நான் மறந்துபோய்விட்டேன்.

செத்தவர்களின் ஆண்டுக்கு முதியோர் இல்லத்துக்கு ஒருநேரச் சாப்பாடு போடுவது. வெளிநாடு போன பிள்ளைகள் முதற்சம்பளத்தில் செய்யும் காரியம் அது. அதுவும் தாய் கடைசியாக இருந்து சாப்பிட்ட இடத்திலேயே போட்டால் விசேஷம் என்று நினைப்பார்கள். இந்தப் பிழையை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் விட்டிருக்கமாட்டார்கள், சுவாமி. தன் தாயின் நினைவுச் சாப்பாட்டை அவன் தாய்க்கே அனுப்பிவைத்தான்.

காசு உங்களிடம் வந்தது. "சுவிசிலிருந்து யாரோ, குருநகர் செபஸ்தியம்மா ஒருவரின் ஆண்டுக்காம்" என்று நீங்கள் வந்து சொன்னபோது, நான் மீன் என்ன விலை என்று மட்டும் கேட்டேன். உங்களுக்கு ஐமிச்சம் வர நியாயமில்லை. நீங்கள் எங்கள் இல்லத்துப் பெண்கள் எல்லாரையும் 'ஆச்சி' என்று கூப்பிடுபவர். தவிர, குருநகரில் ஒரு கல்லை எறிந்தால் அது ஏதாவதொரு செபஸ்தியம்மாவின் மேல்தான் விழும். பெயர் சொல்லாமல் செபித்தால் நல்லது, மரணக்கதை இவர்களைக் குழப்பும் என்று கேட்டுக்கொண்டேன். நீங்களும் தலையாட்டினீர்கள்.

அன்றைக்குப் பாரைக் குழம்பு, இறால் பொரியல், பாயாசம். வாழையிலை போட்டாயிற்று. பத்மாவதிக்கு வாய் சும்மா இருக்காது.

"இண்டைக்கு ஆரோ ஒரு செபஸ்தியம்மாவின்ரை திவசச் சாப்பாடு. எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிடுங்கோ!"

"என்ரை பேர்க்காரியோ?" என்று ஆச்சிக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "குடுத்து வைச்சவள். அவளின்ரை மோன் எங்கையோ இருந்து இறால் அனுப்புறான். என்ரை உவன் பக்கத்திலை இருந்தும் ஒரு சூடைமீன் கொண்டு வாறானில்லை."

"நீயும் செத்துப் பார், கொண்டு வருவான்" என்றார் சின்னத்தங்கம் ஆச்சி. இலைக்கு இலை சிரிப்பு.

அப்போதுதான் நீங்கள் வந்து, கை கூப்பி, செபத்தை ஆரம்பித்தீர்கள். காசு அனுப்பியவனுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பீர்கள். நல்ல மனம். "சுவிசில் வசிக்கும் மகன் கனிசியஸ், குருநகரைச் சேர்ந்த தன் தாயார் செபஸ்தியம்மாவின் முதலாம் ஆண்டு நினைவாக..." என்று தெளிவாக, நல்ல குரலில் சொன்னீர்கள். நித்திய இளைப்பாற்றியை அவருக்குக் கொடுத்தருளும் என்றீர்கள். முடிவில்லாத ஒளி அவர்மேல் ஒளிரக்கடவது என்று எல்லாரும் பதில் சொன்னார்கள். ஆச்சியின் குரல் மட்டும் வரவில்லை. எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, தனியாக, மெதுவாகச் சொன்னார்.

உங்களுக்கு அடுத்த இடத்துக்குப் போகும் அவசரம். சைக்கிளில் ஏறிவிட்டீர்கள்.

ஆச்சி இலையில் ஒன்றும் மிச்சம் விடவில்லை. இரண்டாந்தரம் குழம்பு கேட்டு வாங்கினார். கை கழுவி, கட்டிலில் போய் இருந்து, என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நான் எப்ப செத்தனான்?"

"என்ன ஆச்சி கதைக்கிறியள்?"

"முதலாம் ஆண்டு எண்டு சுவாமி சொன்னவர். அப்ப போன மாரியிலை. என்ன வருத்தம் எனக்கு?"

"அது வேறை செபஸ்தியம்மா, ஆச்சி."

"சரி. கனிசியசும் வேறையோ? எங்கடை கரையிலை அந்தப் பேர் அவன் ஒருத்தனுக்குத்தான். ஞானஸ்நானத்திலை சுவாமிக்கே வாயிலை வராமல், தேப்பன் திருப்பித் திருப்பிச் சொல்லிக்குடுத்தவர்."

"உங்கடை மோன் ஞாயிற்றுக்கிழமை வாறவர்தானே?"

ஆச்சி என் கையைத் தேடிப் பிடித்தார்.

"கண்தான் தெரியாது பிள்ளை. கை தெரியும். என்ரை மோன்ரை உள்ளங்கையிலை தூண்டில் தங்கூசி அறுத்த தழும்பு கிடக்குது, ஞாயிற்றுக்கிழமைப் பொடியனுக்கு இல்லை. அந்தப் பொடியனுக்குத் தாய் இல்லை. அவன் தண்ணி கேட்ட குரலிலையே அது தெரிஞ்சுது. அம்மா எண்டு கூப்பிட அவனுக்கு ஒரு ஆள் வேணும். கூப்பிடட்டும் எண்டு விட்டன்."

"அப்ப பானை? பானையைக் கழுவ விட்டனீங்களே!"

"அது உனக்காண்டி. ஒவ்வொரு நாளும் சண்டை பிடிச்சு நீ களைச்சுப்போனாய். பாவம். எனக்கென்ன, நான் ஒரு பிடியை மனசிலை எடுத்து வைச்சுக்கொண்டு இருந்தனான்."

இதைக் கேட்டதும் எனக்கு நிலைமை விளங்கிவிட்டது, சுவாமி. நோய் முழுக்கத் திரும்பிவிட்டது. நோயாளி தாதிக்கு வைத்தியம் பார்த்ததாக நினைக்கிறார் என்றால் அது எவ்வளவு முற்றிய நிலை! இன்னாசித்தம்பிக்கும் எனக்கும் தானே ஆறுதல் கொடுத்துக்கொண்டிருந்ததாக ஒரு பிரமை. குரல் உயரவில்லை, கை நடுங்கவில்லை, கண்ணீர் இல்லை. அது இன்னும் மோசமான அறிகுறி.

"சுவாமியைக் கூப்பிடு பிள்ளை" என்றார். "காசு வந்த வழியாலை இண்டைக்கே அவனுக்கு அறிவிக்கச் சொல்லு. தாய் செத்துப்போச்சு எண்டு ஒரு வருசமா அழுதுகொண்டு இருக்கிறான். அதை நிப்பாட்ட வேணும். அவன் வரத் தேவையில்லை. எனக்கு ஒண்டும் தரத் தேவையில்லை. அவன் அழாமல் இருந்தால் போதும்."

"சரி ஆச்சி, கூப்பிடுறன். முதல்லை கொஞ்சம் பாயாசம் குடியுங்கோ."

வைத்தியர் வர இன்னும் நாள் இருந்தது. பொறுப்பில் இருந்தவள் நான். ஆச்சி அமைதியாகிய பிறகு அவருக்கென்று வந்த தூக்கக் குளிசைகளை நான் கொடுக்கவில்லை. மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம். எறியவும் மனம் வரவில்லை. ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டுச் சேர்த்து வைத்திருந்தேன். சேமிப்பு நல்ல பழக்கம். போத்தலில் இருந்த அவ்வளவையும் அம்மியில் வைத்துப் பொடித்தேன். அரைகுறையாகக் கொடுத்தால் அரைகுறையாகத்தான் வேலை செய்யும்.

ஆச்சி இரண்டு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கைக்குது பிள்ளை."

"சீனி காணாது ஆச்சி. எங்கை இப்ப சீனி?"

"அதுவும் சரிதான். அவன்ரை காசிலை செய்தது, எறியக் கூடாது" என்று முழுவதையும் குடித்தார். பிறகு, "சுவாமி வரேக்கை எழுப்பிவிடு" என்று சொல்லிச் சரிந்தார். நான் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன். நன்றாகக் காய்ந்த போர்வை.

இருதயம் நின்றுவிட்டது என்று வைத்தியர் எழுதினார். எழுபத்தைந்து வயதில் இருதயம் நிற்காமல் வேறென்ன செய்யும். இன்னாசித்தம்பி பெற்ற பிள்ளை மாதிரிப் பெட்டிக்கு முன்னால் நடந்தான். அவன் அடக்கத்தோடு சும்மா இருந்திருந்தால் நீங்களும் நானும் இப்படி இருந்து கதைக்கவேண்டி வந்திருக்காது. உங்களிடம் வந்து, தான் மகன் இல்லை, உண்மையான மகன் பெயர் கனிசியஸ் என்று சொல்லி அழுதிருக்கிறான். அவனுக்கும் வைத்தியம் தேவை. நான் முன்னமே கவனித்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் ஓம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கண் ஒப்பரேசனைக் குழப்பியது நான். மகனைத் திருப்பி அனுப்பியது நான். குளிசை கொடுத்தது நான். பத்மாவதிக்கு ஒன்றும் தெரியாது. அம்மியைக்கூட நானே கழுவி வைத்தேன்.

ஆனால் சுவிசிலிருக்கும் அந்தப் பிள்ளைக்கு இனி என்ன சொல்வது என்று நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு இருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அவனுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? அழவேண்டியதை அழுதுவிட்டான், போடவேண்டிய சாப்பாட்டையும் போட்டுவிட்டான். பொய் சொன்னாய், பொய் சொன்னாய் என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். பொய் என்றால் நடக்காததைச் சொல்வது, சுவாமி. நான் சொன்னது நடந்துதானே இருக்கிறது. ஒரு வருடம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.